கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரிகிற எஞ்சின், உங்களுக்கு எது?

அவுட்டர்_சிக்னல்

எனக்குப் பிடித்தது டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின். ரயில் பிரியர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள் என்று தெரியும். இருந்தாலும் என் காரணத்தைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

நான் வளர்ந்தது கரூர்–திருச்சி பாதையோரம். வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு வாழைத்தோப்பும் ஒரு வாய்க்காலும் மட்டும்தான். அப்போது ஒற்றைப் பாதை. எதிர் வண்டி வரும்வரை கூட்ஸ் வண்டியை லூப் லைனில், அதாவது ஒதுங்கி நிற்கிற பக்கத்துத் தண்டவாளத்தில், போட்டுவிடுவார்கள். சில ராத்திரி ஒரு மணி நேரம்கூட நிற்கும், எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அந்த ஆல்கோ (டபிள்யூடிஎம்-2ஐ அதை வடிவமைத்த கம்பெனி பெயரால் இப்படியும் சொல்வோம்) சும்மா நிற்கும்போது போடுகிற சத்தம் இருக்கிறதே, தக் தக் தக் என்று போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கும், உடனே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஜன்னல் கம்பியில் கை வைத்தால் விரலில் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். எதிர் வண்டி போய்விட்டது, கைகாட்டி இறங்கிவிட்டது என்பதெல்லாம் அரைத் தூக்கத்திலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் துடிப்பு மாறும். நாட்ச், அதாவது டிரைவர் பவரைக் கூட்டுகிற படி, ஒவ்வொன்றாக ஏறும். முதலில் ஒரு முனகல். மூன்றாவது நாலாவதில் உறுமல். ஆறுக்கு மேல் போனால் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவின் விசில் தனியாகப் பிரிந்து கேட்கும். வண்டி கடைசிப் பெட்டி வரை இழுத்துக்கொண்டு போய் லாலாப்பேட்டைப் பக்கம் மறைகிறவரை அந்த விசில் காதில் இருக்கும்.

அப்பாவோடு சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனால் எஞ்சின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கிற இடம்) பெயரைப் படிக்கச் சொல்வார். எங்கள் பாதையில் மேற்கே ஈரோடு, கிழக்கே பொன்மலை, இரண்டு ஷெட் எஞ்சின்களும் வரும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எண்களை எழுதி வைத்திருந்தேன். ஜம்போ வந்தால் மட்டும் சிவப்பு மையில். ஜம்போ தெரியாதவர்களுக்கு: அதே டபிள்யூடிஎம்-2தான், ஆனால் குட்டை மூக்குப் பக்கம் பெரிய அகலமான கண்ணாடி வைத்திருக்கும். பார்ப்பதற்கே கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். கொஞ்ச எஞ்சின்கள்தான் அப்படிச் செய்தார்கள்.

பெரியவன் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒன்று என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. இதை வடிவமைத்த அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி 1962ல் முதல் எஞ்சின்களை அனுப்பியது. 1964லிருந்து நம் ரயில்வேயின் வாரணாசி ஆலையில் கட்ட ஆரம்பித்தார்கள். 1969ல் ஆல்கோ ஆலையே மூடிவிட்டது. அதற்கப்புறமும் முப்பது வருஷம் வாரணாசியில் அதே வம்சம் பிறந்துகொண்டே இருந்தது. பிறந்த வீட்டில் விளக்கு அணைந்த பிறகு புகுந்த வீட்டில் 2,700க்கு மேல் பெருகிய எஞ்சின் அது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாதை முழுக்க மின்கம்பம். ராத்திரி கூட்ஸ் வந்தது, போனது. பெட்டிச் சக்கரச் சத்தம் கேட்டதே தவிர எஞ்சின் போனது தெரியவில்லை. கூடப் படுத்திருந்த ஒன்பது வயது மகள், "நீங்க சொல்ற எஞ்சின் எப்படிப்பா கத்தும்?" என்று கேட்டாள். வாயால் செய்து காட்டினேன். எனக்கே அது சரியாக வரவில்லை.

அதனால்தான் இந்தக் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இதுதான் என்று நீங்கள் சொல்லக்கூடிய எஞ்சின் எது? எங்கே கேட்டீர்கள்? கேட்டே இராத ஒரு பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். குதிரைத்திறன், வேகம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. ஆல்கோ மட்டும் ஏன் அப்படித் துடித்தது, ஏன் அவ்வளவு கறுப்பாகப் புகை விட்டது? விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் மகளுக்கு அதையும் சொல்வேன்.

---

லோட்_பாக்ஸ்

தம்பி, டீசல் ஷெட்டில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

அது 16 சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். ஒவ்வொரு சிலிண்டரும் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு தடவை வெடிக்கும். சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 400 சுற்று. அப்படியென்றால் 200 முறை ஒரு முழு வட்டம் வந்து முடிகிறது, வினாடிக்கு மூன்று சொச்சம். பதினாறும் ஒரே அளவு வேலை செய்தால் உங்களுக்கு அது ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். ஆனால் ஐடிலில் எல்லாவற்றுக்கும் போகிற எண்ணெய் ரொம்பக் கொஞ்சம், எண்ணெயைப் பீய்ச்சுகிற இஞ்செக்டர்களில் ஒன்று கொஞ்சம் தாராளமாக இருக்கும், இன்னொன்று கஞ்சத்தனமாக இருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் அதே சிலிண்டர் வரும்போது அதே இடத்தில் ஒரு அழுத்தம், அதே இடத்தில் ஒரு தொய்வு. அதைத்தான் நீங்கள் தக் தக் என்று கேட்டீர்கள். அந்த "விட்டுப்போன துடிப்பு" நாங்கள் காது கொடுத்துத் தேடுகிற விஷயம். ஷெட்டுக்குள் எஞ்சின் நுழையும்போதே, இதில் ஒரு சிலிண்டர் சரியில்லை என்று சொல்லிவிடுவார் எங்கள் மேஸ்திரி. மீட்டர் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

புகை: டர்போ ஓடுவது எஞ்சின் கக்குகிற புகையின் வேகத்தில். டிரைவர் நாட்சைத் தூக்கியவுடன் எண்ணெய் உடனே கூடிவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ள கொஞ்ச நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் எண்ணெய் முழுசாக எரியாது, கறுப்பாக வெளியே வரும். டர்போ பிடித்துக்கொண்டதும் புகை தெளியும். நல்ல டிரைவர் ஒவ்வொரு நாட்சுக்கும் மூச்சு விட நேரம் கொடுப்பார், அவர் கையில் புகை குறைவாக இருக்கும். பின்னால் வந்த ஈ.எம்.டி. (இன்னொரு அமெரிக்கக் கம்பெனி) எஞ்சின்களில் டர்போவை ஆரம்பத்தில் பல்சக்கரமே சுற்றிவிடும், புகை வேகம் கூடியதும்தான் தானாக ஓடும். அதனால் கிளம்பும்போது அந்த மேகம் இல்லை. அது இரண்டு ஸ்ட்ரோக் வேறு, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாச் சிலிண்டரும் வெடிப்பதால் சத்தம் நெருக்கமாக, ஹூம் என்று ஒரே சீராக வரும்.

இனி முதல் கேள்வி. எனக்குப் பிடித்தது ஓடுகிற எஞ்சின் இல்லை, லோட் பாக்ஸில் நிற்கிற எஞ்சின். பெரிய ஓவர்ஹால் முடிந்ததும் வண்டி எதையும் மாட்டாமல், ஜெனரேட்டரில் வரும் கரண்டை மின்தடைக் கட்டுக்குத் திருப்பிவிட்டு, நின்ற இடத்திலேயே எட்டாவது நாட்ச் வரை ஏற்றிப் பார்ப்போம். 1000 சுற்று. நின்றுகொண்டே முழு பலத்தையும் கக்கும். ராத்திரி ஷிப்டில் அதைச் செய்தால் சுற்று வட்டாரத்தில் எல்லார் வீட்டிலும் கேட்கும். ஆறு வாரம் அக்கக்காகப் பிரித்துக் கிடந்தது, நம் கையால் பூட்டியது, இப்போது மறுபடி கத்துகிறது. அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டோம். பேசினாலும் கேட்காது.

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. 1994 என்று மேலே எழுதியிருக்கிறேன். லோட் பாக்ஸ் சோதனை, ஒரு பக்கம் முழுக்க. ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும்.

---

எட்டாவது_நாட்ச்

நான் மாற்றுக் கருத்துச் சொல்ல வந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆல்கோவை வெளியே நின்று கேட்பது வேறு, உள்ளே உட்கார்ந்து கேட்பது வேறு. பத்து வருஷம் அதன் கேபினில் இருந்திருக்கிறேன். கோடையில் உள்ளே உட்கார முடியாது. எஞ்சினை மூடியிருக்கிற நீளமான ஹூட் முன்னால் இருக்கிற மாதிரி ஓட்டவேண்டி வந்தால், எதிரே தெரிவது எஞ்சினின் முதுகுதான். வளைவில் சிக்னல் என் பக்கம் தெரியாது, அசிஸ்டென்ட் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து "பச்சை" என்று கத்த வேண்டும், நான் திருப்பிக் கத்தவேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் மனைவி கேட்பதற்கு ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வேன்.

என் எஞ்சின் டபிள்யூடிஜி-4, மேலே சொன்ன ஈ.எம்.டி. வகை கூட்ஸ் எஞ்சின். 4000 குதிரைத்திறன் என்பதைச் சொல்லக்கூடாது என்று விதி போட்டுவிட்டீர்கள், சரி. நான் சொல்ல நினைப்பது அதன் பிடி. சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூரு போகிற பாதையில் தொப்பூர்ப் பக்கம் ஏற்றம். மழை பெய்து தண்டவாளம் வழுக்கும்போது ஆல்கோ இரண்டு மாட்டியிருந்தாலும் மனசு திக்திக் என்று இருக்கும். சக்கரம் சறுக்க ஆரம்பித்தால் ஒரு சத்தம் வரும், சீறுகிற மாதிரி. உடனே பவரைக் குறைத்து, மணல் விட்டு, மறுபடி கெஞ்சிக் கெஞ்சி ஏற்றவேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அவ்வளவுதான், பின்னாலிருந்து தள்ள வேறு எஞ்சின் வரும்வரை பாதையே அடைபட்டுப் போகும்.

டபிள்யூடிஜி-4ல் மோட்டார்கள் மூன்று ஃபேஸ் ஏ.சி. சக்கரம் சறுக்கப்போவதைக் கம்ப்யூட்டர் எனக்கு முன்னாலேயே உணர்ந்து பிடித்துக்கொள்ளும். முதல் தடவை மழையில் அந்த ஏற்றத்தில் அதை எடுத்துக்கொண்டு போனேன். மணிக்கு பதினெட்டு, பதினேழு, பதினாறு என்று வேகம் இறங்கியது. பதினாறில் நின்றது. அதற்குக் கீழே போகவே இல்லை. மேலே ஏறி முடிகிறவரை அதே பதினாறு, அதே ஹூம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்குத் தெரிகிற சத்தம் அதுதான். இது நம்மைக் கைவிடாது என்று அன்றைக்கு நம்பினேன்.

அதில் குறை இல்லாமல் இல்லை. அதுவும் ஒரு பக்கம்தான் கேபின், நீள ஹூட் தொல்லை அப்படியே இருந்தது. பயணிகள் வண்டிக்கான டபிள்யூடிபி-4டியில் இரண்டு பக்கமும் கேபின் வைத்த பிறகுதான் அது தீர்ந்தது.

---

விழுப்புரம்_சந்திப்பு

அவுட்டர் சிக்னல் அண்ணாவுக்கு. எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு எஞ்சின் சத்தம் நிற்கிற நேரம்.

சின்ன லைன் (மீட்டர் கேஜ்) காலத்தில் எழும்பூரிலிருந்து தெற்கே போகிற ராத்திரி வண்டிகளை விழுப்புரம் வரை கரண்ட் எஞ்சின் கொண்டுவரும். ஒய்ஏஎம்-1. ஜப்பானிலிருந்து 1960களில் வந்தது, மொத்தமே இருபதுதான். மீட்டர் கேஜில் இழுக்கிற கரண்ட் எஞ்சின் இந்தியாவிலேயே நம் பக்கத்தில்தான் ஓடியது. விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் கம்பி கிடையாது. அதனால் அங்கே எஞ்சின் மாற்றவேண்டும். கரி எஞ்சின் காலத்தில் ஒய்பி மாட்டுவார்களாம். நான் பார்த்தது டீசல், ஒய்டிஎம்-4.

என் அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேன். ராத்திரிச் சாப்பாட்டுக் கூடையை நான்தான் கொண்டுபோவேன். வண்டி வந்து நிற்கும்போது ஒய்ஏஎம்-1 உள்ளே காற்றாடிகள் ஓடுகிற சத்தம், பெரிய மாவு மில் ஓடுகிற மாதிரி, பிளாட்பாரம் முழுக்க நிறைந்திருக்கும். அதற்கு மேலே குரலை உயர்த்தித்தான் எல்லாரும் பேசுவார்கள். அப்பா கைவிளக்கோடு இறங்கி, வாக்வம் பைப்பைக் கழற்றி, கொக்கியை விடுவிப்பார். எஞ்சின் கொஞ்ச தூரம் தனியாகப் போகும். ஓரமாக நின்றதும் மேலே கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்கிற பாண்டோவை இறக்குவார்கள். டப். அத்தனை சத்தமும் மெல்ல மெல்ல இறங்கி ஓய்ந்துவிடும். அப்போதுதான் டீ விற்கிறவர் குரல், பெட்டிக்குள்ளே குழந்தை அழுவது, எங்கேயோ ஒரு தகர டப்பா உருளுவது எல்லாம் கேட்கும். ஒரு வண்டி ஜனமும் இருட்டில் எஞ்சின் இல்லாமல் நிற்கும். அப்புறம் அந்தக் கோடியிலிருந்து டீசல் பின்னால் பின்னால் வரும். அப்பா பச்சை விளக்கை ஆட்டிக்கொண்டே கூப்பிடுவார், மெதுவா, மெதுவா, வா, வா. டொக்கென்று ஒரு இடி. தூங்கிக்கொண்டிருக்கிற யாரோ எழுந்து "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். தினம் யாராவது ஒருவர் கேட்பார்.

சின்ன லைன் பெரிய லைன் ஆனதும் ஒய்ஏஎம்-1 போய்விட்டது. கம்பியும் தெற்கே நீண்டுவிட்டது. இப்போது விழுப்புரத்தில் எஞ்சின் மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சில நிமிஷ அமைதியை உங்கள் மகளுக்கு எப்படிச் செய்து காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணா. வீட்டில் மிக்சி ஓடும்போது கரண்ட் போனால் வருமே, அதில் கொஞ்சம் இருக்கிறது.

---

கல்லாறு

சத்தம் என்று வந்துவிட்டால் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினைச் சொல்லாமல் விடமுடியாது. நல்ல வேளையாக இதை உங்கள் மகளை அழைத்துப்போய்க் காட்டவே செய்யலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணக் கரி எஞ்சின் மாதிரிதான் போகும். சுக்கு சுக்கு என்று ஒரே தாளம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் ஆரம்பிக்கும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏற்றம். இங்கேதான் கவனிக்கவேண்டும். எஞ்சினுக்கு ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சிலிண்டர், மொத்தம் நாலு. சமதரையில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். பல்சட்டம் வந்ததும், கீழ் ஜோடியில் ஒரு முறை உழைத்த நீராவியையே மேல் ஜோடிக்கு அனுப்புவார்கள். அது பல்சக்கரத்தைச் சுற்றும். இப்போது இரண்டு தாளம் ஒரே நேரத்தில். ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பல்லுக்கு. இரண்டும் சில சமயம் சேர்ந்து விழும், சில சமயம் ஒன்றின் இடுக்கில் இன்னொன்று விழும். தவிலும் கைத்தாளமும் போட்டி போடுகிற மாதிரி இருக்கும்.

எஞ்சின் கீழ்க்கோடியில் இருந்து தள்ளிக்கொண்டு வரும் என்பதால், கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தால்தான் இது சரியாகக் கேட்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் வெளியே நின்று கொடியோடு வருவார், அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். இறங்கி எஞ்சின் பக்கத்தில் போய் நில்லுங்கள். மலை முழுக்க அமைதியாக இருக்கும், அது மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் வந்தவை சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்தவை. இப்போது பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய வரைபடத்தை வைத்து இன்றைக்கு ஒரு நீராவி எஞ்சின் கட்டுவது சின்ன வேலை இல்லை. அதைச் செய்த கைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

---

மூன்று_ஃபேஸ்

எனக்கு வயது 22. இங்கே எழுதுகிறவர்கள் சொல்கிற எஞ்சின்களில் பாதியை நான் வீடியோவில்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் கரண்ட் எஞ்சினுக்குச் சத்தமே இல்லை என்று அவுட்டர் சிக்னல் சார் எழுதியதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அரக்கோணம் பிளாட்பாரத்தில் டபிள்யூஏபி-4 கரண்ட் எஞ்சின் நின்றால் அதன் காற்றாடிகள் கிளம்பப்போகிற விமானம் மாதிரி இரையும். அப்புறம் டபிள்யூஏபி-7, பழைய ஜி.டி.ஓ. வகை (மின்சாரத்தை வெட்டிவிடுகிற எலக்ட்ரானிக் சுவிட்சின் பெயர் அது). அது கிளம்புகிற முதல் பத்து வினாடியைக் கேட்டுப் பாருங்கள். மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவை வெட்டி வெட்டி அனுப்புவதால் அது பாடும். தாழ்ந்த ஸ்வரத்தில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, சட்டென்று கீழே குதித்து, மறுபடி ஏறும். வேகம் கூடக் கூட அந்தப் படிகள் நெருங்கிவிடும். பின்னால் வந்த ஐ.ஜி.பி.டி. என்ற புதிய சுவிட்ச் வகையில் அது மெலிதாகிவிட்டது. அதனால் எங்களுக்கும் ஏற்கெனவே ஒரு "அந்தக் காலம்" இருக்கிறது.

இன்னொரு விஷயம். டபிள்யூஏபி-7 இப்போது பெட்டிகளின் விளக்குக்கும் ஏ.சி.க்கும் மேலே உள்ள கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக் கொடுக்கிறது. முன்பு அதற்காக வண்டியின் இரண்டு முனையிலும் பவர் கார் டீசல் ஜெனரேட்டர் அலறிக்கொண்டே வரும். இப்போது அது ஓடவேண்டியதில்லை. பிளாட்பாரம் அமைதியாகிவிட்டது என்று வருத்தப்படுகிறோம், ஆனால் அந்த அமைதியில்தான் எஞ்சின் பாடுவது எனக்குக் கேட்டது.

உங்கள் மகளை ஒரு நாள் பிளாட்பாரத்தின் முன்கோடிக்கு அழைத்துப்போய் நில்லுங்கள் சார். வண்டி கிளம்பும்போது பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அவள் வளர்ந்து ஞாபகம் வைத்துக்கொள்ளப்போவது இதைத்தான்.

---

அவுட்டர்_சிக்னல்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

மூன்று ஃபேஸ் தம்பி, நீங்கள் சொன்னது சரி. நான் கேட்காமலே கேட்கவில்லை என்று எழுதிவிட்டேன். ஊரில் அன்றைக்குப் போனது கூட்ஸ், ஓடிக்கொண்டே போனது. கிளம்பும்போது நான் கேட்டதே இல்லை. இந்த வாரமே முன்கோடியில் நிற்கிறோம்.

எட்டாவது நாட்ச் சார், அந்தப் பதினாறை மறக்க முடியாது. எங்கள் ஊர்ப் பாதை காவிரிக்கரை, சமதரை. ஏற்றத்தில் என்ன நடக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. நான் சுகமாகத் தூங்கிய ராத்திரிகளில் அந்தக் கேபினில் ஒருவர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது.

விழுப்புரம் அக்கா சொன்ன மிக்சி உதாரணத்தை மகள் உடனே செய்து பார்த்துவிட்டாள். கல்லாறு, கோடை விடுமுறைக்குக் கடைசிப் பெட்டியில் இடம் பிடிக்கவேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

லோட் பாக்ஸ் ஐயா, 400ஐ இரண்டால் வகுத்து அவளுக்குக் கணக்குச் சொன்னேன். வினாடிக்கு மூன்று. சாப்பாட்டு மேசையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன். "எல்லாம் ஒரே மாதிரி தட்டக்கூடாதுப்பா, ஒரு சிலிண்டர் கஞ்சமா இருக்கணும்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தட்டினாள். என் தட்டும் அவள் தட்டும் சேராமல் போன ஒரு இடத்தில் அது வந்தது ஐயா. அதே சத்தம், ஜன்னல் கம்பியில் கை வைத்த மாதிரி. நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை.

அந்தக் கேசட்டை நீங்களே ஓட்டிப் பார்க்கவேண்டாம், நாடா முப்பது வருஷம் சும்மா கிடந்திருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித்தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தனிச்செய்தியில் மட்டும் சொல்லுங்கள். நானும் மகளும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.